சாரலா, சாறலா?

சென்னையில் ‘சாரல் அடிக்குது’ என்றால் ஜன்னலைச் சாத்து என்று பொருள். காற்றோடு சாய்ந்து வந்து திண்ணையையும் கொடியில் காயும் துணியையும் நனைக்கிற மழைக்கு அங்கே அந்தப் பெயர். தென்காசியில் அதே சொல் ஒரு பருவத்தின் பெயர். ‘சாரல் ஆரம்பிச்சிட்டு’ என்று அங்கே ஒருவர் சொன்னால், அதற்குள் பல செய்திகள் அடக்கம்: குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கிவிட்டது, மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடைக்கு வந்துவிட்டன, இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சாலையில் வண்டி நகராது.

ஆனியும் ஆடியும் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் அல்ல. கத்திரி முடிந்த பிறகும் மதுரையும் திருச்சியும் காய்ந்துகொண்டுதான் இருக்கும். ஜூன் தொடக்கத்தில் கேரளத்தைத் தொடுகிற தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. செங்கோட்டைக்கு மேற்கே மலை கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுகிறது. அதுதான் ஆரியங்காவுக் கணவாய். அந்த இடைவெளியில் புகுந்து வருகிற மேகம் தென்காசி, குற்றாலம், இலஞ்சி என்று ஒரு சிறு வட்டாரத்தின்மேல் பன்னீர் தெளித்தாற்போல நனைத்துவிட்டுப் போகிறது. ஐந்து நிமிடம் தூவும், பத்து நிமிடம் வெயிலடிக்கும், மறுபடி தூவும். கூடவே குடையைப் புரட்டிப் போடுகிற காற்று. அதே மேல்காற்றை நம்பித்தான் கயத்தாறு, சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன.

ஊரில் விழுகிற இந்தத் தூற்றலால் அருவி பெருகுவதில்லை. அருவிக்குத் தண்ணீர் மேலே மலைக்காட்டில் பெய்கிற கனமழையிலிருந்து வருகிறது. செண்பகாதேவி அருவி வழியாகப் பேரருவிக்கு இறங்கி, சிற்றாறாக ஓடி, கடைசியில் தாமிரபரணியில் சேருகிறது. நெல்லைச் சீமையின் கார் சாகுபடி இந்தத் தென்மேற்கு மழை நீரை எதிர்பார்த்து நடப்பது. வடகிழக்கு மழைக்குப் பிசானம். விவசாயி பருவத்தை இப்படிப் பயிரின் பெயரால் அழைக்க, ஊர்க்காரரும் வந்து குளிப்பவரும் ‘சாரல்’ என்கிறார்கள்.

சாரல் பழஞ்சொல். ஆனால் பழைய பொருள் மழை அல்ல, மலைச்சரிவு. சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் தலைவனைச் சாரல் நாடன் என்று அழைப்பது வழக்கம். குறுந்தொகையில் மட்டுமே பல இடங்களில் இந்தச் சொல் வரும். பலாவும் வேங்கையும் மூங்கிலும் நிற்கிற மலைப்பக்கம் அது. சார்தல் என்பதிலிருந்து வந்தது. சார்பு, சார்ந்தவர், சாரம் கட்டுதல் எல்லாம் அதே குடும்பம் என்றே எனக்குப் படுகிறது. மலையைச் சார்ந்த இடம் சாரல்.

சரிவின் பெயர் மழைக்கு எப்படி வந்தது? எளிய பதில் ஆகுபெயர். சாரலில் பெய்த மழை நாளடைவில் சாரலே ஆகிவிட்டது. தமிழில் இது புதிதல்ல. கொண்டல் கீழ்காற்றுக்கும் பெயர், மழை மேகத்துக்கும் பெயர். கோடை மேல்காற்றாகவும் இருந்தது, வெயில் காலமாகவும் ஆனது. இடமும் காற்றும் காலமும் ஒன்றின் பெயரை ஒன்று வாங்கிக்கொள்வதில் நம் மொழி கணக்குப் பார்த்ததில்லை. இன்னொரு சான்றும் இதற்குச் சாதகமாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தென்காசியில் பெய்கிற மழை சாரலைவிடப் பன்மடங்கு பெரியது. அப்போது அருவிகளில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவார்கள். அந்த மழையைச் சாரல் என்று யாரும் சொல்வதில்லை. அது கிழக்கேயிருந்து வருவது. மலை வழியாக மேற்கிலிருந்து வருவதற்கு மட்டுமே இந்தப் பெயர்.

இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம், செங்கோட்டையிலிருந்து ரயிலேறிக் கணவாய்க்கு அப்பால் போகாமல் இருந்தால்.

1904இல் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த வழியாக ஆளும் பேச்சும் போய்வந்துகொண்டிருந்தன. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான். மலையாளத்தில் மெல்லிய மழைக்குச் சாற்றல் மழை என்று பெயர். வினையாகச் சொன்னால் மழை ‘சாறுந்நு’. இரண்டிலும் இருப்பது வல்லின றகரம். சார் என்ற இடையின ரகர வேரிலிருந்து சாற்றல் பிறக்க வழியே இல்லை. இரட்டித்து ‘ற்ற’ ஆவது றகரம்தான். ஆறு ஆற்றில் ஆவதுபோல, சேறு சேற்றில் ஆவதுபோல. அப்படியானால் மலையாளியின் மழைக்கும் மலைச்சரிவுக்கும் உறவில்லை. அதன் உறவு சாறோடு: கசிவது, சொட்டுவது, வடிவது. மலையாளத்தில் குழம்பு நீருக்கும் சாறு என்றே பெயர். கன்னட வீட்டு ரசமும் சாறுதான்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் ரகர றகர வேறுபாடு கரைந்து வெகுநாளாயிற்று. காதுக்குச் சாரலும் சாறலும் ஒன்று. எழுதும்போது, குறுந்தொகை தெரிந்தவர் கை பழைய எழுத்துக்கே போகும். (சங்கத் தமிழில் சாறு என்றால் திருவிழா என்றும் பொருள். ஆண்டுதோறும் குற்றாலத்தில் சாரல் விழா நடத்துகிற அரசு அதிகாரிகளுக்கு இந்தத் தகவல் பிடிக்கலாம்.)

எது சரி என்று தீர்க்க, பொருளைக் கவனித்தால் போதும் என்று நினைக்கிறேன். சென்னையிலும் தஞ்சாவூரிலும் சாரலுக்குக் காற்று கட்டாயம். காற்றில்லாமல் நேராக இறங்கினால் அது தூறல், எவ்வளவு மெல்லியதானாலும். பெருமழையின் நடுவிலும் சாரல் அடிக்கும். அங்கே மழையின் அளவு முக்கியமல்ல, சாய்வே முக்கியம். இது சார்தலின் பொருள். பக்கவாட்டில் வந்து படுவது. மலையே இல்லாத ஊரிலும் இந்தச் சொல் புழங்குவதால், சரிவிலிருந்து ஆகுபெயராக வந்தது என்ற விளக்கம் கூடத் தேவையில்லை. சரிவும் சாய்மழையும் ஒரே வேரிலிருந்து தனித்தனியே கிளைத்திருக்கலாம். மலையாளச் சாற்றலுக்கோ காற்று தேவையில்லை. சன்னமாக விழுந்தால் போதும்.

குற்றாலத்துச் சாரல் இந்த இரண்டில் எது? காற்று ஓய்ந்த காலைப் பொழுதில் பொடிப்பொடியாக இறங்குகிற தூவலையும் அங்கே சாரல் என்றே சொல்கிறார்கள். அந்த இடத்தில் சென்னைக்காரர் தூறல் என்றிருப்பார். ஆகவே என் கணிப்பு: தென்காசியின் சாரலில் தமிழ்ச் சார்தலும் மலையாளச் சாற்றலும் கணவாயில் எதிர்ப்பட்டுக் கலந்திருக்கின்றன. எழுத்து தமிழுடையது, பொருளில் பாதி அந்தப் பக்கத்தது, மேகத்தைப் போலவே.

இன்றைய குற்றாலத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு போட்டி முளைத்திருக்கிறது. விடுதிக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் பருவத்தைச் ‘சீசன்’ என்கிறார்கள். ‘இந்த வருசம் சீசன் டல்லு’ என்றால் வியாபாரம் படுத்துவிட்டது. ‘சாரல் இல்ல’ என்றால் வானம் ஏமாற்றிவிட்டது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே நடக்கும், ஆனால் யாரும் ஒன்றின் இடத்தில் மற்றதைச் சொல்வதில்லை. சீசன் என்ற சொல் கணக்கை எடுத்துக்கொண்டது, மழை சாரலிடமே இருக்கிறது.

நம் அகராதிகள் பொதுவாக மலைச்சரிவையும் சாரல் மழையையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுக்கி, சார்தலை வேராகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அடுத்த பதிப்பைத் திருத்துகிறவர்கள் நெல்லை வழக்கு என்று தனியாக ஒரு வரி சேர்த்து, பக்கத்தில் மலையாளச் சாற்றலையும் ஒப்பீட்டுக்குக் காட்டலாம்.