காலணி மேற்பகுதியும் சேலம், நாமக்கல் வட்டாரத் தோல் தொழிலும்

காலணியில் அடித்தோலுக்கு மேலே பாதத்தை மூடியிருக்கும் பாகம் மேற்பகுதி எனப்படும். தொழிலாளர்கள் இதனை 'அப்பர்' என்பர். விரல்களை மூடும் முன்பாகம், குதிகாலைச் சுற்றிவரும் பக்கப்பாகம், நாக்கு, உள்தோல் ஆகியவை இதன் உறுப்புகள்.

ஆவாரையும் தோலும்

சேலம், நாமக்கல் (1997 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி) சமவெளியின் வறண்ட நிலங்களில் ஆவாரை தானாகவே வளரும். இதன் பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலை அழுகாமல் காக்கும். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாட்கள் ஊறவைப்பர். பின்பு கடுக்காய்ச் சாறும் எண்ணெயும் ஏற்றுவர். இம்முறையில் சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குச் சென்றது. முதல் உலகப் போரின்போது (1914–1918) பிரித்தானியப் படைவீரர்களின் பூட்சுகளுக்கு மேற்பகுதி செய்ய இத்தோல் பெருமளவில் வாங்கப்பட்டது.

தொழில் செய்த மக்கள்

இவ்வட்டாரத்தில் தோல் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். செருப்புடன், கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக்கான தோல் பையையும் அவர்களே தைத்தனர். கூலி பெரும்பாலும் தானியமாகக் கிடைத்தது. ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தவர்கள் ஊர்த் தெருவில் தாம் செருப்பணிந்து நடக்க முடியாத நிலை பல கிராமங்களில் இருந்தது.

1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறைப் பதனிடுதலைச் சோதித்தார். நெடுநாள் உழைக்கும் கவலைத்தோல் செய்வது அவரது நோக்கங்களுள் ஒன்று. பிற்காலத்தில் மின் இறைப்பிகள் பரவியதால் கவலையே மறைந்தது. ஆலைச் செருப்புகளும் வந்தபின் கிராமத் தோல் தொழிலாளர்களின் பிழைப்பு ஒடுங்கியது. குரோம் தோலோ மென்மையாலும் விரைவில் பதப்படுவதாலும் காலணி மேற்பகுதிக்கு உலகெங்கும் முதன்மைப் பொருளாயிற்று.

மேற்பகுதி உருவாகும் முறை

1. வெட்டுதல்: முதுகுப் பக்கத் தோல் உறுதியானது, வயிற்றுப் பக்கத் தோல் தளர்ந்து இழுபடும். எனவே கண்ணில் படும் முன்பாகத்தை முதுகுப் பக்கத்திலிருந்தும், நாக்கு போன்றவற்றை ஓரத்திலிருந்தும் வெட்டுவர்.
2. சீவுதல்: தையல் விழும் ஓரங்களை மெலிதாகச் சீவுவர். இல்லையெனில் மடிப்பு தடித்துக் காலை உறுத்தும்.
3. தைத்தல்: ஓரங்களை மடித்து ஒட்டி, உள்தோலுடன் சேர்த்துத் தைப்பர். கயிறு கோக்கும் துளைகளும் இப்போது இடப்படும்.
4. அச்சேற்றுதல்: தைத்த மேற்பகுதியைப் பாத வடிவ அச்சின்மேல் இழுத்துப் பொருத்தி, அடித்தோலுடன் இணைப்பர்.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் இத்தொழில் இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் மிகுந்துள்ளது. மொக்காசின் வகைக் காலணியின் மேற்பகுதியை ஆம்பூர் வட்டாரப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே கையால் தைக்கின்றனர். இவர்களுக்குச் சோடிக் கணக்கில்தான் கூலி. ஆலைத் தொழிலாளருக்குள்ள பாதுகாப்புகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பதனிடும் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துவோரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கையை அது வலியுறுத்தியது.

அருந்ததியருக்குத் தமிழ்நாடு அரசு 2009-இல் 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு வழங்கியது. தலைமுறை தலைமுறையாகத் தோல் தைத்த குடும்பங்களின் பிள்ளைகள் வேறு பணிகளுக்குச் செல்ல இது வழி திறந்தது.