துப்பாக்கி

குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்று விளக்குவோர் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் இது துபாக்கி. அங்கே துப்புவதற்கு வழங்கும் சொற்களோ உம்மு, உகுளு. தமிழிலிருந்து அவர்கள் இரவல் வாங்கியிருக்கலாமே என்றால், துருக்கியின் துஃபெக்கும் பாரசீகத்தின் துஃபாங்கும் இடிக்கின்றன. இந்துஸ்தானியில் துபக். மேற்கிலிருந்து கருவியோடு பெயரும் வந்தது என்பதே பொருந்துகிறது. துப்பு என்ற வேர் பிற்பாடு நாம் ஒட்டியது. துப்பாக்கிக்கு மலாய்க்காரர்கள் வழங்கும் செனாப்பாங்கும் வந்தேறிதான். அதன் மூலமான டச்சு மொழியின் ஸ்னாப்ஹான், கொத்தும் சேவல் என்று பொருள்படும் பெயர்: விசையை இழுத்ததும் சேவல் கொத்துவதுபோல் சுத்தியல் இரும்பில் மோதிப் பொறி பறக்கும்.

இப்படி வந்த துப்பாக்கி என்ற சொல் தமிழில் வேரூன்றிவிட்டது. ஆனாலும் சட்டத்துக்கு அது போதாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் முழுக் கருவியோடு அதன் உறுப்புகளையும் ஆயுதமாகவே கொள்கிறது. போலி ஆயுதத்துக்கும் அதில் இடமுண்டு. நாமோ ரைபிளையும் பிஸ்டலையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்குப் பேச்சில் தமிழ்ப் பெயரே இல்லை. செய்திக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு எனலாம். அமெரிக்க மாநிலங்கள் சில மேகசினில் எத்தனை தோட்டா என்பதையே தடைக்கு அளவுகோலாக்குகின்றன. அச்செய்தியைத் ‘துப்பாக்கித் தடை’ என்றால் தவறாகிவிடும். மலேசியாவிலோ ஜொகூர் போன்ற ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் அப்படியொரு சட்டம் இயற்ற முடியாது: மலேசிய அரசமைப்பில் சுடுகலன்கள் கூட்டரசின் பட்டியலில் இருக்கின்றன.