மினியேச்சர் போர் விளையாட்டு: கட்டிய வீட்டை ஏன் இடிக்கிறார்கள்?

மேசை மேல் கையளவு உயரத்தில் ஒரு கட்டடம். மொட்டை மாடியில் ஒரு பொம்மை ரோபோ. எதிராளி பகடையை உருட்டுகிறார். குண்டு ரோபோ மேல் படவே இல்லை. ஆனால் கட்டடம் சரிகிறது, கூடவே ரோபோவும்!

குட்டி பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் மினியேச்சர் வார்கேமில், சுற்றியுள்ள வீடு, சுவர், பாலம் எல்லாமே இப்படி இடியக்கூடியதாக இருக்கலாம்.

எப்போது ஆரம்பித்தது?

பொம்மைப் படைகளுக்கு விதி எழுதிய முன்னோடிகளில் ஒருவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். 1913-இல் வந்த அவரது 'லிட்டில் வார்ஸ்' ஆட்டத்தில் பகடை கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மை பீரங்கியால் மரக் குண்டைச் சுட்டு வீரர்களைச் சாய்க்க வேண்டும்.

பகடையால் கட்டடம் எப்படி இடியும்?

1984-இல் வேறு பெயரில் அறிமுகமான 'பேட்டில்டெக்' நல்ல உதாரணம். இதில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தாங்குதிறன் எண் உண்டு. லேசான கட்டடத்துக்கு 15 வரை, நடுத்தரத்துக்கு 40 வரை, கனமானதற்கு 90 வரை.

90 எண் கொண்ட கட்டடத்தின் மேல் 75 டன் ரோபோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 புள்ளி சேதம் தரும் குண்டு ஒன்று கட்டடத்தில் பட்டால், எண் 70 ஆகிவிடும். ரோபோவின் எடை அதைவிட அதிகம். அவ்வளவுதான், கட்டடம் காலி.

இதனால் என்ன மாறுகிறது?

செஸ் போர்டில் கட்டங்கள் மாறுவதில்லை. இங்கே களமே மாறுகிறது. சுவர் இடியாது என்றால், முதலில் ஒளிந்தவர் கடைசிவரை அங்கேயே உட்காரலாம். இடியும் என்றால், 'இன்னும் எத்தனை சுற்று இங்கே இருக்கலாம்?' என்று யோசித்தே ஆக வேண்டும். இடித்தவருக்கும் சிக்கல்தான்: இடிபாட்டைக் கடக்க கூடுதல் நகர்வு செலவாகும்.

ஒரு குறை: ஒவ்வொரு கட்டடத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் இழுக்கும். எவை இடியும், எவை இடியாது என்று முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

செய்த மாடல் வீணாகாதா?

ஆகாது. இடிந்த வீட்டை உள்ளே வைத்து, அதன் மேல் முழு வீட்டைத் தொப்பி மாதிரி கவிழ்த்துவிடலாம். இடியும்போது தூக்கினால் போதும். அல்லது சுவர்களைத் தனித்தனியாகச் செய்து குட்டிக் காந்தங்களால் ஒட்டவைக்கலாம். தெர்மாகோலில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: ஸ்பிரே பெயின்ட் நேரடியாகப் பட்டால் அது கரைந்துவிடும். முதலில் பிரஷ்ஷால் அக்ரிலிக் பூசுங்கள்.

நிஜப் போர் எவ்வளவு அபத்தமானது என்பதை இந்தக் குட்டிப் போர் புரியவைக்கும் என்றார் வெல்ஸ். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது. மேசையில் இடிந்த வீட்டை மட்டும்தான் அடுத்த ஆட்டத்துக்குள் நிமிர்த்திவிட முடியும்.