விருப்பாச்சி மலைவாழை: ஒரு கனியின் வரலாறு

தணிகை மலையடிவாரத்தில் வாழும் நமக்குப் பழனியின் பஞ்சாமிர்தம் அயலானதன்று. முருகன் வழிபாட்டில் பஞ்சாமிர்த அபிடேகம் எங்கும் உண்டு. ஆயினும் பழனியின் பஞ்சாமிர்தம் தனிச் சுவையுடையது. அச்சுவை ஒரு குறிப்பிட்ட மலையில் விளையும் ஒரு குறிப்பிட்ட வாழையைச் சார்ந்தது என்பதையும், அவ்வாழை ஒருகால் அழிவின் விளிம்பைத் தொட்டு மீண்டது என்பதையும் அறிந்தோர் சிலரே.

ஒட்டன்சத்திரத்திற்கும் பழனிக்கும் இடைப்பட்ட விருப்பாச்சி, வெள்ளையரை எதிர்த்து 1801இல் தூக்கிலிடப்பட்ட கோபால நாயக்கரின் பாளையம். வரலாற்று நூல்கள் அவ்வூரை அவருக்காகவே நினைக்கின்றன. கனி வணிகரோ வாழைக்காக நினைக்கின்றனர். கீழ்ப்பழனி மலைகளில் மழையை மட்டுமே நம்பி, காப்பிச் செடிகளுக்கு ஊடே நிழல் தரும் பயிராக இவ்வாழை வளர்கிறது. பழுக்கப் பழுக்கத் தோல் சுருங்குமே தவிரச் சதை நீர்த்துப் போவதில்லை. நீரே சேர்க்காமல் சர்க்கரை, நெய், தேன், ஏலம் ஆகியவற்றுடன் பிசைந்த பஞ்சாமிர்தம் நெடுநாள் கெடாதிருப்பதற்கு இந்த நீர்க்குறைவும் ஒரு காரணம். பிரேசில் நாட்டினர் விரும்பியுண்ணும் ‘பிராட்டா’ வாழையும் இதே இனக்குழுவைச் சேர்ந்தது என்பர் தாவரவியலார்.

எழுபதுகளில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் விளைந்த மலைவாழை, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று என்பது ஆய்வாளர் தரும் கணக்கு. காரணம் முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். மரம் குலை தள்ளாது. 1889இல் பிஜித் தீவில் குறிக்கப்பெற்ற இந்நோய், 1913இல் இலங்கையிலும் 1940 அளவில் கேரளத்திலும் தோன்றியது. அங்கு இதனைக் ‘குறுநாம்பு’ என்றனர். வாழை அசுவினி என்னும் சிறு பூச்சியே இதனைப் பரப்புகிறது என்று ஆஸ்திரேலியாவின் மாகி என்பார் 1920களில் நிறுவினார். பூச்சி ஓரளவே பரப்பும். நெடுந்தொலைவிற்கு எடுத்துச் செல்பவன் மனிதன்தான். நோயுற்ற தாயின் பக்கக்கன்றை நல்ல கன்றென நம்பி அடுத்த தோட்டத்திற்குக் கொடுத்தால், நோயும் உடன் செல்கிறது. கன்று கொடுத்து உதவுதல் நம் உழவர் மரபில் நல்லறம். அந்த நல்லறமே நோய்க்கு வழியாயிற்று.

கத்தரியையோ அவரையையோ காப்பது இத்துணைக் கடினமன்று. விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் வைத்துவிடலாம். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெறுமளவிற்கு நிலைத்ததற்கு, ஆண்டுதோறும் விதையெடுத்து வைத்த கைகளே காரணம். உண்ணும் வாழைக்கோ விதையில்லை. அதனை உயிரோடுதான் வைத்திருக்க வேண்டும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1985 முதல் இயங்கும் பன்னாட்டு வாழைக் கருவூலத்தில், 1,500க்கும் மேற்பட்ட வகைகள் கண்ணாடிக் குழாய்களில் சிறு கன்றுகளாகக் குளிர்ந்த அறையில் வளர்கின்றன. அவற்றை அவ்வப்போது வெட்டிப் புதுக் குழாய்க்கு மாற்றியாக வேண்டும். நம் நாட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1993இல் திருச்சியில் அமைந்த தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற மலைவாழைக் கன்றுகளை உருவாக்கி மலைக்கு அனுப்பின. நோய் கண்ட மரத்தை வேரோடு அகழ்ந்தெறியும் கண்டிப்புள்ள தோட்டங்களில் அவை பிழைத்தன. அக்கண்டிப்பு எல்லாத் தோட்டத்திலும் இருந்ததெனச் சொல்வதற்கில்லை.

விருப்பாச்சி வாழைக்கும் அதன் உடன்பிறப்பான சிறுமலை வாழைக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிட்டியது. 2019இல் பழனிப் பஞ்சாமிர்தம் அதனைப் பெற்றது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களுள் அதுவே முதலாவது. பாராட்டத்தக்கதே. ஆயின் இச்சட்டம் காப்பது பெயரை; மரத்தை அன்று. வேறு பழத்தை விருப்பாச்சி என்று விற்பவனை அது தடுக்கும். காப்பித் தோட்டத்துக்காரர் வாழையை விட்டு மிளகுக்கு மாறுவதை அது தடுக்காது. அவரை மாறாதிருக்கச் செய்வது விலையொன்றே. அவ்விலையோ பழனித் தேவஸ்தானத்தை மட்டும் பொறுத்ததன்று. சந்தையில் ‘மலைப்பழம்’ கேட்டு வாங்குவோரையும் பொறுத்தது. சுருங்கிக் கறுத்த தோலைக் கண்டு, அழுகிற்றென்று ஒதுக்கி, பளபளக்கும் பச்சை வாழைச் சீப்பை எடுத்துச் செல்கிறோம். இந்தப் பழம் இனிக்கத் தொடங்குவதோ தோல் சுருங்கிய பின்னர்தான்.