தலைமாத்தின பாஸ்போட்டும் கறுப்புப் படமும்: ‘தீபன்’ குறித்த ஒரு கொழும்புத் தமிழ் வாசிப்பு

‘நுவார்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கறுப்பு என்பது பொருள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பாரிஸுக்கு வந்து சேர்ந்த அமெரிக்கக் குற்றப் படங்கள் சிலவற்றுக்கு நீனோ பிராங்க் என்ற விமர்சகர் 1946 இல் இச்சொல்லை வழங்கியதிலிருந்து, நல்லவனுக்கு வெற்றி, கெட்டவனுக்குத் தண்டனை என்ற கணக்குச் சரிவராத, தப்ப வழியற்ற மனிதரைப் பற்றிய, இரவும் நிழலும் மிகுந்த படவகையை அது உலகெங்கும் குறித்துவருகிறது. இவ்வகைப் படத்தின் பார்வையாளரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஓர் எடுகோளை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்கின்றன: பார்ப்பவர் அந்த அச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, விளக்கு எரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு செல்கிறார் என்பது அது. ஜாக் ஓடியார் இயக்கி, 2015 இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற ‘தீபன்’ என்ற பிரெஞ்சுப் படத்தை, அதன் உரையாடலில் பெரும்பகுதியைத் தாய்மொழியாகவே கேட்கக்கூடிய கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழரின் இடத்தில் நின்று பார்த்தால் இந்த எடுகோள் நிலைக்காது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

கதை சிக்கலானதன்று. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், இறந்த தோழர்களை ஓலை மூடி எரித்துவிட்டுத் தன் சீருடையையும் அந்த நெருப்பிலேயே போடும் சிவதாசன் என்ற போராளியும், அவன் முன்பின் அறியாத யாழினியும், அவள் அகதி முகாமில் தேடிப் பிடித்த இளையாள் என்ற அநாதைச் சிறுமியும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் கணவன், மனைவி, மகளாகப் பிரான்ஸ் போய்ச் சேருகின்றனர். தீபன் என்பது இறந்தவனின் பெயர். பாரிஸ் புறநகரில் போதைமருந்துக் கும்பலின் பிடியிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் அவன் பராமரிப்பாளனாகிறான். யாழினி, கும்பல் தலைவன் பிராஹிமின் நோயாளி உறவினருக்குச் சமைத்துப் போடும் வேலைக்குச் செல்கிறாள். பிரெஞ்சுக் குற்றப் படங்களுக்கு உரையாடல் எழுதிப் புகழ்பெற்ற மிஷேல் ஓடியாரின் மகனும், சிறைக்குள் வளரும் ஒரு குற்றவாளியைப் பற்றி 2009 இல் ‘ஒரு தீர்க்கதரிசி’ என்னும் பொருள்படும் பெயரில் படம் எடுத்தவருமான இயக்குநர், அகதிக் கதையையும் இந்தக் கறுப்பு மரபுக்குள்ளேயே கொண்டுவந்தார் என்பதில் வியப்பில்லை.

வேற்றாள் பெயரில் வாழ்பவன் நுவாரின் பழைய பாத்திரம். இன்னொருவரின் பெயரை எடுத்துக்கொள்வது மேற்கத்தியப் பார்வையாளருக்குத் தத்துவார்த்தமான ஒரு கேள்வி: நான் யார், முகமூடி எது என்ற வகையைச் சேர்ந்தது. ஈழத்தமிழரின் பேச்சு வழக்கில் அதற்கு நெருங்கிய ஒரு நடைமுறைச் சொல் உண்டு. ஒருவருக்கு வழங்கப்பட்ட கடவுச்சீட்டில் இன்னொருவரின் படத்தை ஒட்டிக்கொள்வதைத் ‘தலை மாத்துறது’ என்பார்கள். ‘தலைமாத்தின பாஸ்போட்’ என்ற தொடரில் நகைச்சுவையும் இல்லை, தத்துவமும் இல்லை, செலவும் ஆபத்தும் மட்டுமே உண்டு. வடக்கிலிருந்து வந்து, ‘ஏஜென்சிக்காரன்’ எனப்படும் பயண முகவரின் அழைப்புக்காகக் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு லொட்ஜ் அறையில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, பொய்ப் பெயரையும் பிறந்த திகதியையும் மனப்பாடம் செய்யும் காட்சி கதையின் திருப்பமன்று, அது வீட்டுப்பாடம்.

அந்த லொட்ஜுகள் அடைக்கலமாகவும் இருக்கவில்லை. தங்கியிருந்தவர் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது, கொழும்பில் நிற்பதற்கான காரணம் சொல்ல வேண்டியிருந்தது, இரவில் சுற்றிவளைப்பு வந்தால் காகிதங்களோடு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் ஆண்கள் 291 பேரும் பெண்கள் 85 பேருமாக 376 பேர், தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று கூறப்பட்டு, லொட்ஜுகளிலிருந்து பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இதனை நிறுத்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது, அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். கதவு தட்டப்படும் ஓசை, ‘எதற்காக வந்தாய்’ என்ற கேள்வி, விடிவதற்குள் தெருவில் நிற்கும் வாகனம் ஆகிய மூன்றும் குற்றப் படத்தின் அலங்காரங்கள் என்று கற்றுக்கொண்டவர் வேறு, இவற்றை ஒரு வாரநாளின் நிகழ்வாக அறிந்தவர் வேறு. பின்னவருக்குப் படம் மனநிலையாக வருவதில்லை, சாட்சியமாக வருகிறது. சாட்சியத்தைக் கேட்பவர் செய்யும் முதல் வேலை குறுக்கு விசாரணை.

‘தீபன்’ வெளிவந்தபின் தமிழ்ச் சூழலில் எழுந்த கேள்விகளை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். இப்படி நடந்திருக்குமா, இவர் பேசும் தமிழ் எந்த ஊர்த் தமிழ், இப்படம் யார் பக்கம் நிற்கிறது என்பவை அவற்றுள் முக்கியமானவை. கலையை ஆவணத்தோடு குழப்பிக்கொள்ளும் அப்பாவித்தனம் என்று இக்கேள்விகளை ஒதுக்கிவிடுவது எளிது. அந்த எளிமைதான் சந்தேகத்துக்குரியது.

மொழியை எடுத்துக்கொள்வோம். சிவதாசனாக நடித்த அன்ரனிதாசன் யேசுதாசன், ஷோபாசக்தி என்ற பெயரில் ‘கொரில்லா’, ‘ம்’ ஆகிய நாவல்களை எழுதியவர். அல்லைப்பிட்டியில் பிறந்து, சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பின்னர் பிரான்ஸில் அகதியானவர். யாழினியாக நடித்த காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர். கீழே ஓடும் பிரெஞ்சு வரிகளை வாசிப்பவருக்கு இருவரும் ஒரே மொழி பேசுகின்றனர். கொழும்புக் காதுக்கோ இரண்டு கரைகள் கேட்கின்றன. இதைப் பெரிதுபடுத்துவதைக் குட்டையைக் குழப்பும் வேலை என்று கருதுபவர், உச்சரிப்பு இந்நகரத்தில் என்னவாக இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1983 ஜூலையில் தமிழருக்கெதிரான வன்முறையின்போது வாகனங்களை மறித்தவர்கள், வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, முதலெழுத்து நாவில் எப்படி விழுகிறது என்பதைக் கொண்டு தமிழரைப் பிரித்தெடுத்தனர். ஓரெழுத்தின் ஒலியில் உயிர் தங்கியிருந்த ஊரில், நடிகையின் உச்சரிப்பைக் கவனிக்கும் பழக்கம் வெறும் ரசனைக் கோளாறாக இருக்க முடியாது. அதே காது, பிறர் தவறவிடும் ஒன்றையும் பிடித்துக்கொள்கிறது: தஞ்சக் கோரிக்கை விசாரணையில், அதிகாரியின் கண்முன்னாலேயே மொழிபெயர்ப்பாளரும் தீபனும் தமிழில் வேறொரு பேச்சு நடத்தும் காட்சியில், அதிகாரியின் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பிரெஞ்சுப் பார்வையாளர், தமிழ்ப் பார்வையாளர் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறார். (தமிழிலும் தீபனுக்கு நகைச்சுவை வராது என்று யாழினி சொல்லும் இடமும் அவ்வாறே, கீழே ஓடும் பிரெஞ்சு வரிகளில் அது பாதிதான் போய்ச் சேரும்.)

குடியிருப்பிலுள்ள மற்றப் பெண்களைப் பார்த்து யாழினி தலையில் துணி போட்டுக்கொள்கிறாள். சோதனைச் சாவடி வருமுன் பொட்டை அழித்துக்கொண்ட கொழும்புத் தமிழ்ப் பெண்ணுக்கு இச்செய்கையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

யார் பக்கம் என்ற கேள்விக்குப் பிரான்ஸிலேயே முன்மாதிரி உண்டு. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், ஜெர்மானியருக்குச் சொந்தமான கொன்டினென்டல் நிறுவனத்துக்காக ஹென்றி-ஜோர்ஜ் குளூஸோ 1943 இல் எடுத்த ‘காகம்’, ஒரு சிற்றூரில் பெயரில்லாக் கடிதங்கள் ஒவ்வொருவரின் இரகசியத்தையும் அம்பலப்படுத்த, ஊரே ஒருவரையொருவர் சந்தேகிப்பதைக் காட்டும் படம். வலதுசாரிகள் அதனை ஒழுக்கக்கேடு என்றனர். எதிர்ப்பியக்கப் பத்திரிகையோ பிரெஞ்சு மக்களை இழிவுபடுத்தி எதிரிக்கு உதவும் படம் என்றது. விடுதலைக்குப்பின் படம் தடைசெய்யப்பட்டது, குளூஸோ 1947 வரை படமெடுக்க முடியவில்லை. பிற்காலத்தவர் ‘காகத்தை’ பிரெஞ்சு நுவாரின் சிகரங்களில் ஒன்றாக வைத்துப் போற்றி, அன்றைய கோபத்தை அரசியல் குருட்டுத்தனம் என்று தள்ளிவிட்டனர். காட்டிக்கொடுக்கும் கடிதத்தால் வீட்டார் கைதாகக்கூடிய ஊரில் இருந்துகொண்டு அப்படத்தை ஒளிநிழல் நேர்த்திக்காக மட்டும் பார்த்திருக்க முடியுமா என்பதை அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஷோபாசக்தி விடுதலைப் புலிகளை வெளிப்படையாக விமர்சித்து எழுதிவந்தவர் என்பதால் ‘தீபன்’ படமும் இதே தராசில் ஏற்றப்பட்டது. நடிகரின் அரசியலும் பாத்திரத்தின் அரசியலும் கலந்தன. அத்தீர்ப்புகளில் பல நியாயமற்றவை. ஆனால் இருளைக் காட்டுபவர் எங்கே நின்று காட்டுகிறார் என்று கேட்பது நியாயமற்றதன்று.

தமிழில் நுவார் எடுபடாமைக்குக் காரணம் பாட்டு என்றொரு பழைய விளக்கம் உண்டு. 1943 இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசியதைப் பின்னணியாகக் கொண்டு, எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். 1954 இல் வெளியிட்ட ‘அந்த நாள்’ பாடலே இல்லாமல் வந்து வசூலில் தோற்றதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். கொழும்பின் சவோய், செல்லமஹால் அரங்குகளில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவருக்கும் பாட்டை எதிர்பார்க்கும் பழக்கம் பொருந்தும்தான். எனினும், பொழுதுபோக்கைத் தேடிப் போனவரின் ஏமாற்றத்தைக் கொண்டு, தன் கதை என்று நம்பிப் போனவரின் மறுப்பை அளக்க இயலாது.

இந்த இரண்டாவது வகைப் பார்வை எவ்வளவு நுட்பமாகக்கூடியது என்பதற்குப் படத்தின் நடுவே வரும் வெள்ளைக் கோடு போதும். கும்பல்களிடையே துப்பாக்கிச் சூடு நடந்தபின், தீபன் இரண்டு கட்டடங்களுக்கும் இடையே நிலத்தில் வெள்ளைக் கோடிழுத்து, இது சூடு நிகழா வலயம் என்று அறிவிக்கிறான். அவனுக்குள் உறங்கிய போர்வீரன் விழிக்கிறான், போரின் வடு அவனைப் பைத்தியமாக்குகிறது என்பது பொதுவான விளக்கம். ஆனால் அந்தச் சொல் போராளியினுடையதன்று. 2009 ஜனவரியில் வன்னியில் முதலாவது சூடு நிகழா வலயத்தை, ‘பாதுகாப்பு வலயம்’ என்ற பெயரில், அறிவித்தது இலங்கை அரசாங்கம். அடுத்தடுத்து மூன்று வலயங்கள் அறிவிக்கப்பட்டன. அந்த மூன்றுக்குள்ளும் அரச படையினர் பெருமளவில் எறிகணை வீசினர் என்பதற்கும், புலிகள் பொதுமக்களை வெளியேற விடாது தடுத்துவைத்தனர் என்பதற்கும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளதாக ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் அறிக்கையிட்டது. கோடு எவரையும் காக்காது என்பதைக் கண்ணால் கண்டவன், எதிரியின் சொல்லைக் கடன் வாங்கி, அதே கோட்டைத் தன் கையால் போடுகிறான். வேறு சொல் அவனிடம் இல்லை. அக்காட்சியின் கறுப்பு இரவிலோ நிழலிலோ இல்லை, பட்டப்பகலில் அந்த வெள்ளை நிறத்தில் இருக்கிறது. தமிழ் தெரிந்ததால் மட்டும் இது விளங்கிவிடாது. 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியிலிருந்து வராத தொலைபேசிக்காகக் கொழும்பு வீட்டில் காத்திருந்தவருக்கு விளங்கும்.

இயக்குநர் பெக்கின்பா 1971 இல் எடுத்த ‘ஸ்ட்ரோ டோக்ஸ்’ படத்தின் செல்வாக்கை ஓடியாரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தீபன் படிக்கட்டில் வெட்டியும் சுட்டும் ஏறிச் செல்லும் இறுதிப் பகுதியில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. யதார்த்தமாகத் தொடங்கிய படம் பழிவாங்கும் படமாகச் சரிந்துவிட்டது என்ற மேற்கத்திய விமர்சனம் சரியானதே. அதற்குப்பின் வரும் இங்கிலாந்துக் காட்சியை, வெயில், தோட்டம், விருந்தினர், கையில் குழந்தை என்ற அதன் அமைப்பைக் கொண்டு, போலி இனிப்பு என்றோ சாகிறவனின் கனவு என்றோ இரண்டாகப் பிரிந்து வாதிட்டனர். இவ்வாதத்தில் கொழும்புப் பார்வையாளருக்கு அக்கறை குறைவு. யாழினி தொடக்கத்திலிருந்தே லண்டனிலுள்ள உறவினரிடம் போய்ச் சேரத் துடித்தவள். பிரான்ஸிலிருந்து லண்டனுக்கு மாறிய குடும்பம் வெள்ளவத்தையில் எந்தத் தெருவிலும் கேட்டறியக்கூடிய செய்தி. கனவு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. கொழும்புப் பார்வையாளரின் கண் வேறொன்றில் நிற்கிறது. இறந்தவனின் கடவுச்சீட்டில் வந்தவனுக்கும் இன்னொருத்தியின் பெயரில் வந்தவளுக்கும் பிறந்திருக்கும் அக்குழந்தையின் பிறப்புச் சான்றிதழில், தகப்பன் பெயர் என்று எதை எழுதினார்கள் என்பதைப் படம் சொல்லவில்லை.