தறிக்குழியும் மூக்குக்கண்ணாடியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி இடம் தறிக்குத்தான். குழிக்குள் காலை இறக்கி அப்பா நாள் முழுக்க மிதிப்பார். கோர்வைச் சேலைக்கு மறுபக்கக் கரையில் நாடா தள்ள ஓர் ஆள் வேண்டும். பள்ளி விட்டால் அது நான். ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும். முட்டிவலிக்கு அம்மாவின் நொச்சி ஒத்தடம். அமாவாசைக்குத் தறி ஓடாது. அதுதான் அன்றைய ஓய்வுத் திட்டம்.

இன்று கம்பெனிகளில் ஊழியர் நலத்துக்கு யோகா வகுப்பு நடத்துகிறார்கள். எங்கள் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவரவர் வீடே பட்டறை. எந்தக் கூரையின் கீழ் வகுப்பு வைப்பது? அதனால் நலம் இங்கே கூலியோடு ஒட்டி வந்தது: கூலியில் பிடித்தம் செய்து, அரசும் பங்கு போட்ட சேமிப்புத் திட்டம் 1975-இல். 2005-06-இல் மருத்துவக் காப்பீடு: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய், அதில் பாதி வரை வெளிநோயாளிச் செலவுக்கு. மூக்குக்கண்ணாடிக்கும் அதில் பணம் இருந்தது. யாரோ நெசவாளியின் கண்ணை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

ஆனால் முட்டியை யாரும் நினைக்கவில்லை. முட்டிவலிக்குப் போன மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையை நீட்டியதும் முன்பணம் கேட்டார்கள். அப்பா பேசாமல் திரும்பினார்.

கண்ணாடி மட்டும் வந்தது. அன்று சாயங்காலம் அறுந்த இழையை முதல்முறை அம்மாவைக் கூப்பிடாமல் அப்பா தானே முடிந்தார்.