மொட்டைமாடிக் குடையும் மண்ணுக்கு இறங்காத கம்பியும்

1975 ஆகஸ்டில் தென்னாட்டுக்குத் தொலைக்காட்சி இரண்டு வழியாக வந்தது. முதல் தேதி, ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோவின் கல்வி ஒளிபரப்பு தொடங்கியது. பதினைந்தாம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் திறந்தது. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அதனால் ஆந்திர, கர்நாடகக் கிராமங்கள் பத்தடி அகலக் கோழிவலைக் குடையைப் பார்த்தபோது, நம் மாடிகளில் மீன்முள் போன்ற கம்பி ஆன்டெனாதான் ஏறியது. கொழும்பிலோ தனி வீட்டுக்கே ஒரு டிஷ் வந்தது. நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்களால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் இஸ்ரோ பொறியாளர்கள் அதை நிறுவினார்கள். இலங்கைக்குச் சொந்தத் தொலைக்காட்சி நிலையம் வந்தது 1979இல்தான். அந்த முதல் தலைமுறைக் குடைகளை நிறுவியது பொறியாளர் கை; பழுது பார்க்கவும் ஓர் அமைப்பு இருந்தது. பிறகு டிஷ் கைமாறிக்கொண்டே வந்தது. அப்படிக் கைமாறியதில்தான் அதை மண்ணோடு இணைக்கும் எர்த் கம்பி தொலைந்தது என்பது என் வாதம்.

1991இல் வளைகுடாப் போரின் நேரடிக் காட்சிகளும், அதே ஆண்டு ஆசியாசாட்-1 வழியாக ஸ்டார் அலைவரிசைகளும் வந்தன. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியது. கேபிள்காரர் மாடியில் ஆளுயரத்தையும் தாண்டிய டிஷ்கள் வரிசையாக நின்றன. தெருவுக்கெல்லாம் சேர்த்து அவர் ஒருவர் மாடிதான். மற்ற வீடுகளுக்கு வந்தது ஒரு கறுப்பு ஒயர் மட்டும். வானத்தைப் பார்த்து நிற்கும் இரும்பைப் பற்றிக் கவலைப்பட வீட்டுக்காரருக்கு அப்போது காரணமே இல்லை. எர்த் என்பது அவரைப் பொறுத்தவரை எலக்ட்ரீஷியன் சமாச்சாரம். வீடு கட்டும்போது கொல்லையில் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடுவார்கள். கோடையில் அதில் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, மோட்டார் எல்லாவற்றுக்கும் அதுவே காவல். இப்படிக் கேபிள் ஒரு தொழிலாகவும் எர்த் வேறொரு தொழிலாகவும் பத்தாண்டுக்கு மேல் ஒன்றையொன்று தொடாமலே வளர்ந்தன.

செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டுக்கு ஒளிபரப்பும் டிடிஎச் வந்தபோது இந்தப் பிளவு ஆபத்தாக மாறியது. அதற்கு 1997இல் விதித்த தடையை அரசு 2000 நவம்பரில் நீக்கியது. 2003இல் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவசச் சேவை, 2006இல் டாடா ஸ்கை, அடுத்துச் சன் டைரக்ட் என்று வரிசையாக வந்தன. அறுபது சென்டிமீட்டர் குடை வீட்டுக்கு வீடு தென்கிழக்கே முகம் காட்டியது. கேபிள்காரர் மாடியில் நின்ற இரும்பு நம் மாடிக்கே வந்துவிட்டது, ஆனால் அதைக் கொல்லையில் இருக்கும் குழியோடு இணைக்கும் பழக்கம் கூடவே வரவில்லை. பொருத்த வருபவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. குடை அரை விரற்கடை திரும்பினாலும் படம் உடைகிறது. எர்த் இல்லாவிட்டாலோ படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. படம் வந்தால் வேலை முடிந்தது என்று கூலி கணக்கிடும் தொழிலில், படத்துக்குத் தேவைப்படாத கம்பியை யார் இழுப்பார்? அதைக் கேட்கவேண்டும் என்று வீட்டுக்காரருக்கும் யாரும் சொல்லவில்லை.

குடைக்கு எர்த் வேண்டும் என்றால் வரும் மறுப்புகளில் பழையது, எர்த் கொடுத்தால் இடியை நாமே கூப்பிட்டதாகும் என்பது. இதற்கு ஒரு பழைய விபத்தே பதில். 1753இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மன் என்ற அறிஞர் இடியின் மின்சாரத்தை அளக்கக் கூரையிலிருந்து அறைக்குள் ஒரு கம்பியைக் கொண்டுவந்தார். அளப்பதற்காக அதை மண்ணோடு இணைக்காமல் விட்டிருந்தார். இடி விழுந்தபோது மின்சாரம் அவர் உடல் வழியாகப் பாய்ந்து உயிரைப் பறித்தது. மாடியில் இரும்பு, அங்கிருந்து கூடத்துக்கு வரும் கம்பி, நடுவில் மண்ணுக்கு வழியில்லை: நம் டிடிஎச் இணைப்புக்கும் இதே அமைப்புதான். இடி எங்கே இறங்குகிறது என்பதை உயரமும் இடமும்தான் பெரும்பாலும் முடிவுசெய்கின்றன. இறங்கியது எந்த வழியாக மண்ணுக்குப் போகும் என்பதே எர்த் கம்பியின் பங்கு. கோபுரக் கலசம் இடியைத் தாங்குகிறது என்ற நம்பிக்கையையும் இந்த இடத்தில் சிலர் துணைக்கு அழைப்பார்கள். கலசத்தின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் உச்சியிலிருந்து அடிவரை அறுபடாமல் ஓடும் உலோகப் பட்டை இல்லாமல், உயரத்தில் இருக்கும் எந்த உலோகமும் இடிதாங்கி ஆகாது.

நேரடி இடி விழுந்தால் எந்தக் கம்பி நிற்கும் என்ற கேள்வி இதைவிட வலுவானது. உண்மைதான், சாதாரண மின்னலிலேயே முப்பதாயிரம் ஆம்பியர் அளவுக்குப் பாயும், பெட்டி தப்பாது. ஆனால் அடிக்கடி நேர்வது பக்கத்தில் விழும் இடியால் ஒயரில் தூண்டப்படும் எழுச்சி. அதை மண்ணுக்குத் திருப்ப எர்த் உதவும். நேரடி இடியிலும் நெருப்பும் உயிர்ச்சேதமும் நேரும் வாய்ப்பை அது குறைக்கும். இதில் அரைகுறை வேலைதான் மோசமானது. குடைக்கென்று தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விட்டால், பத்து ஓம் தடையுள்ள குழியில் முப்பதாயிரம் ஆம்பியர் இறங்கும்போது அந்தக் குழி மூன்று லட்சம் வோல்ட்டுக்கு எழும்பும். வீட்டு எர்த் கீழேயே நிற்கும். அந்த வித்தியாசம் செட்டாப் பாக்ஸுக்குள்தான் தீர்க்கப்படும். இரண்டையும் கனத்த கம்பியால் பிணைத்தால் வீடு முழுவதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்.

எல்லாக் குடைக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூரை விளிம்புக்கு இரண்டு மீட்டருக்கும் கீழே, சுவரை ஒன்றரை மீட்டருக்குள் ஒட்டிப் பொருத்தியதற்கு உலகத் தரவிதிகளே விலக்கு அளிக்கின்றன. நம் வழக்கமோ மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் தலையில் பொருத்துவது. கோடை இடிமழையும் ஐப்பசி அடைமழையும் அதிகம் தேடி வரும் இடம் அது. அங்கே குடையின் தண்டிலிருந்து பதினாறு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, வெளிச்சுவர் வழியாக, கூடியவரை வளைவில்லாமல் இறங்கி வீட்டு எர்த் குழியில் சேரவேண்டும். ஒயரின் மேலுறை வலையும் வீட்டுக்குள் நுழையும் முன்பே அதனோடு இணையவேண்டும். இரண்டு முள் பிளக் உள்ள பெட்டியின் ஒயர் முனையைத் தொடும்போது விரலில் சுர்ரென்று படுவதும் இந்த இணைப்பு இருந்தால் அடங்கும். வீடு எழும்பும்போதே, கரியும் உப்பும் கொட்டும் அதே நாளில், குழியிலிருந்து மாடிவரை ஒரு கம்பியை ஏற்றிவைப்பது எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை.